சின்யோராவின் சவுக்கு

சிசிலித் தீவின் பலேர்மோச் சனத்துக்கு ஒரு பழக்கம். ஆளைக் கூப்பிடும்போது பெயரின் வாலை வெட்டிவிடும். வீட்டில் சல்வத்தோரே என்று பெயர் வைத்த பிள்ளை தெருவுக்கு வந்தால் சல்வத்தோ. கோபாலசிங்கம் முழுப் பெயரையும் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டுக்கார அம்மா சின்யோரா கொன்செத்தா ஒருதரம் சொல்லிப் பார்த்து, நாக்குச் சுளுக்கி, ஒரே வெட்டில் அதைக் "கோப்பா" ஆக்கிவிட்டார்.

"எங்கடை ஆளைக் கோப்பையாக்கிப் போட்டா, மலரக்கா. இனிச் சோறு போட்டுச் சாப்பிட வேண்டியதுதான்," என்று அவன் பெண்சாதி சறோஜா எனக்கும் மற்ற எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீடு மொண்டெல்லோவில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. சறோஜாவுக்கு வீட்டு வேலை, அவனுக்குத் தோட்ட வேலை. முன்னொரு காலத்தில் எலுமிச்சம்பழப் பெட்டி அடுக்கிய கட்டடம் ஒன்று தோட்டத்து மூலையில் இருந்தது. அதை இரண்டு அறையாக்கி இவர்களுக்கு இருக்கக் கொடுத்திருந்தார் சின்யோரா. நான் நகரத்தின் மற்றப் பக்கம் பிரான்காச்சோவில் இருந்தேன். கோடையில் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவேன், மற்ற மாதங்களில் மாடிப்படி கழுவுவேன். கழுவுகிற இடமெல்லாம் வாயைத் திறந்து கதைத்ததில் இத்தாலியன் எனக்கு நன்றாக வரும். அதனால் ஆருக்கு என்ன வில்லங்கம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும், ஏன் பொய் சொல்ல.

அவர்களுடைய ஒரே பிள்ளை ஆரணி கொழும்பில், வெள்ளவத்தையில், கோபாலசிங்கத்தின் தங்கச்சி இராசேஸ்வரியோடு ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். விட்டுவிட்டு வரும்போது எட்டு வயது. இப்போது பதினொன்று. அங்கே சோதனையென்று ஆமிக்காரர் வந்து கதவைத் தட்டாத கிழமை இல்லை. பிள்ளையைக் கூப்பிடுவதென்றால் ஒழுங்கான வீடு இருக்கிறதென்று வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று விசா கொடுக்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், சொல்லிவிட்டார்கள். சின்யோரா இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. "ஈஸ்ரர் முடியட்டும், பாப்பம்," என்றிருந்தார். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் புருசனும் பெண்சாதியும் அந்த வளவில் மூச்சடக்கிக் கொண்டு கிடந்தார்கள்.

சின்யோராவுக்கு எழுபது வயது இருக்கும். ஈர்க்குப் போல உடம்பு, சுண்டினால் நெருப்புப் பறக்கிற வாய். வீட்டுக்குள் இருந்தால் சறோஜாவோடு பள்ளிக்கூட இத்தாலியன் கதைப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால் சிசிலியன்தான். மண்ணுக்கும் மரத்துக்கும் இத்தாலியன் விளங்காது என்கிற மாதிரி. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், வினை இதில்தான் கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவர், முடிவில் கையை ஒரு வீச்சு வீசி, "எதை வெட்டினாலும் வெட்டு, சவூக்கை மட்டும் தொடாதை!" என்று சொன்னார். கை வீசிய வீச்சில் தோட்டம் முழுவதும் அடங்கியது. ஆனால் கோபாலசிங்கத்துக்குச் சந்தேகமே வரவில்லை. யாழ்ப்பாணத்துக் காரைநகரான் அல்லவா! அவன் ஊர்க் கடற்கரை முழுக்கச் சவுக்கு. இங்கே கேற்றடியிலும் ஒரு சவுக்கு மரம், ஊசி இலையும் சின்னக் காயுமாக, அச்சொட்டாக அதே மரம் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தா றோசாலியாக் கோயிலுக்கு எங்கள் ஆட்கள் எல்லாருமாக மலை ஏறும்போது அவன் வாய் மூடவில்லை.

"எங்கடை சவுக்கு அக்கா! மரம் மட்டுமில்லை, பேரும் அதேதான். சவுக்கு எண்டுதான் சொல்லுறா மனுசி."

"அதெப்பிடித் தம்பி?" என்றேன்.

எங்களோடு வந்த அருளையா அண்ணைக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை. "பறங்கியள் எங்கடை ஊரிலையிருந்து எடுத்துக்கொண்டு போயிருப்பாங்கள். சொல்லும் கப்பலேறி வந்திருக்கும்," என்றார். நாங்களும் பெருமையோடு மலை ஏறினோம்.

அதன்பிறகு அந்த மரத்துக்கு நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டும். ஆவணி வெயிலில் வாளி வாளியாகத் தண்ணீர். ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடு காற்று அடிக்கும் நாட்களில் கயிறு கட்டி இழுத்து வைப்பான். ஒரு கொப்பு முறிந்ததற்கு மூன்று நாள் கவலைப்பட்டான். சின்யோரா மேல்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

மாசியில் சின்யோராவுக்குக் கண் ஒப்பரேசன் என்று மகன் நாப்போலிக்குக் கூப்பிட்டான். கப்பலேறப் போகும்போது, "நான் வரேக்குள்ளை பின்பக்கம் துப்புரவா இருக்க வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கத்தில், பக்கத்து வீட்டுப் பல் டொக்டரின் வளவுக்கும் இதற்கும் இடையில், ஒரு நிரை பத்தை வளர்ந்து கிடந்தது. இலையைக் கசக்கினால் எலிப்பொந்து நாற்றம் நாறும். கோபாலசிங்கம் அதற்கு வைத்திருந்த பெயரே நாறல் பத்தை.

மழை விட்ட ஒரு காலையில் கோடாலியும் வாளுமாக இறங்கினான். அடிமரம் தொடை மொத்தம், ஆனால் தடிகள் பொசுக்கென்று வெட்டுப்பட்டன. உள்ளே வெள்ளை வெளேரென்று நெட்டி. சரிவாகச் சீவி ஒன்றை விரலால் குத்திப் பார்த்து, "இதுக்குள்ளை ஒண்டுமில்லை, சறோ. வெறும் பஞ்சு," என்று சொல்லியிருக்கிறான். இரண்டு நாளில் நிரை முழுவதும் நிலத்தோடு போய்விட்டது. ஆனால் தடியை எரிக்க யாழ்ப்பாணத்தானுக்கு மனம் வருமா? தக்காளிக்கு ஊன்றலாம் என்று கட்டிக் கட்டி, வீட்டுத் தாழ்வாரத்தில் ஈரத்தோடு அடுக்கி வைத்தான்.

சின்யோரா ஒற்றைக் கண்ணில் பஞ்சு வைத்த கட்டோடு வந்து இறங்கி, பின்கதவைத் திறந்தார். பல் டொக்டர் வீட்டுச் சுவர் பளிச்சென்று முன்னே நின்றது. மனுசி போட்ட கூக்குரல் கடற்கரைக்குக் கேட்டிருக்கும்.

"மலரக்கா, உடனை வாங்கோ," என்று சறோஜா ரெலிபோனில் அழுதாள். "எங்களை மாசக் கடைசியோடை போகச் சொல்லிட்டா. ஏனெண்டு எங்களுக்கு விளங்கேல்லை. பத்தை வெட்டினதுக்கு ஆரும் வேலையாலை நிப்பாட்டுவினமோ?"

பஸ் ஏறிப் போனேன். சின்யோரா பின்வாசலில் கதிரை போட்டு இருந்தார். கோபாலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சின்யோரா சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"கேள் அவனை. அந்தப் பல்லுப்பிடுங்கி எவ்வளவு குடுத்தவன் எண்டு கேள். ஏழு வருசமா நான் வழக்காடுறன். ரெண்டு மீற்றர் தன்ரை காணியாம், கராஜ் கட்டப் போறானாம். ஈஸ்ரருக்குப் பிறகு கோர்ட்டாலை சர்வேயர் வரப்போறா. என்ரை எல்லையிலை நிண்ட ஒரே சாட்சி இந்த மரந்தான். அதை அடியோடை வெட்டிப்போட்டு, கள்ளன், என்ரை முன்னாலை ஊமை மாதிரி நிக்கிறான்!"

எல்லை வேலி! யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதை ஆரும் விளக்கத் தேவையில்லை. வேலிக்கு நடுகிற ஒரு கதியால் தடி அரையடி தள்ளிப் போனதற்காகக் கத்தி எடுத்த ஊர்க்காரர் நாங்கள்.

நான் சொன்னதும் கோபாலசிங்கம் முகம் கறுத்துவிட்டது. "எல்லையோ? இது எல்லை வேலியோ அக்கா? அட கடவுளே! ஆனா அவவைக் கேளுங்கோ, சவுக்கைத் தொடவேண்டாம் எண்டுதானே சொன்னவ? நான் தொடேல்லை. போய்ப் பாக்கச் சொல்லுங்கோ, கேற்றடியிலை முழுசா நிக்குது."

அதை இத்தாலியனில் திருப்பத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டேன்.

"சின்யோரா, நீங்கள் சவூக்கு எண்டு சொல்லுறது எந்த மரத்தை?"

"எந்த மரமோ? இந்தா கிடக்கு! வெட்டி அடுக்கியிருக்கிறான், பார்! சவூக்கு! சம்பூக்கோ!"

சம்பூக்கோ என்றதும் சறோஜா வாயில் கையை வைத்தாள். "சம்பூக்கோவோ? அக்கா, அது நான் குடிக்கிற இருமல் தண்ணியெல்லோ? போத்தலிலை காஞ்ச பூப் போட்டு வைச்சிருக்கிறா. மாரி முழுக்க அவதானே அவிச்சுத் தந்தவ!"

"ஓம், அந்தப் பூத்தான்!" என்றார் சின்யோரா. "காய்ச்சலுக்கும் அதுதான், இருமலுக்கும் அதுதான். பச்சைப் பூவை மாவிலை தோய்ச்சுப் பொரிச்சுத் தந்தனே, விரலைச் சூப்பிச் சாப்பிட்டியே, அதுவும் இதுதான். பழத்தைப் பச்சையாத் திண்டால் வயித்தைப் புரட்டும், சீனி போட்டுக் காய்ச்சினால் மருந்து. இந்த மரம் நிக்கிற இடத்துக்குப் பாம்பு வராது எண்டு என்ரை அப்பா சொல்லுவார். இப்ப மரம் போட்டுது, பார், பாம்பு எட்டிப் பாக்குது!" என்று பல் டொக்டரின் சன்னலைக் காட்டினார். அங்கே திரைச்சீலை அசைந்தது மெய்தான்.

குசினியில் இத்தாலியனாய்ச் சம்பூக்கோ, தோட்டத்தில் சிசிலியனாய்ச் சவூக்கு. பெண்சாதி பூவைக் குடித்தாள், புருசன் மரத்தை வெட்டினான். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் இரண்டும் ஒன்றென்று தெரியவில்லை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று வந்தது. சின்யோராவின் கையைப் பிடித்துக் கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இது என்ன மரம்?"

"இது என்ரை மாமன் திரிப்போலியிலையிருந்து கொண்டந்த பைன். ஏன் கேக்கிறாய்? இதைத்தானே நீங்கள் கும்பிடுறனீங்கள்?"

"என்னது, கும்பிடுறதோ?"

"பின்னை? ஓகஸ்ற் வெயிலிலை தண்ணி வார்க்கிறான், கயிறு கட்டுறான், தடவிக் குடுக்கிறான். எனக்கு அது ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லாத மரம். உங்கடை சமயத்திலை இது சாமி மரமாக்கும், மனுசனைக் குழப்பக்கூடாது எண்டு பேசாமல் இருந்தன். பங்குச்சாமிக்கும் சொன்னனான்."

"சின்யோரா, எங்கடை பாசையிலை இந்த மரத்துக்குப் பேர் சவுக்கு."

"என்ன?"

"சவுக்கு. நீங்கள் தொடவேண்டாம் எண்டு சொன்னதாலைதான் இதை இப்பிடிக் கட்டிக் காத்தவன். சாமியுமில்லை, ஒண்டுமில்லை."

சின்யோரா மரத்தைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "சவுக்கு, சவூக்கு," என்று இரண்டு தரம் வாய்க்குள் சொன்னார். பிறகு படியில் தொப்பென்று இருந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கண் கட்டு நனையப்போகிறதே என்று சறோஜா ஓடிப்போய்த் துடைத்தாள்.

"கள்ளன் இல்லை, சரி. விசரன். விசரன் வெட்டினாலும் எல்லை போனது போனதுதானே, கோப்பா?"

கோபாலசிங்கம் தாழ்வாரத்துக்குப் போய் ஒரு தடியை இழுத்து வந்தான். தோலை நகத்தால் சுரண்டிக் காட்டினான். உள்ளே பச்சையாக இருந்தது.

"சொல்லுங்கோ அக்கா. இது உயிரோடைதான் கிடக்கு. நெட்டி உள்ள தடி, முருங்கை மாதிரி. கதியாலாப் போட்டால் பிடிக்கும். சர்வேயர் வரேக்குள்ளை நிரை பச்சையா நிக்கும். நிக்காட்டி நாங்களே போறம், அவ சொல்லத் தேவையில்லை."

சின்யோரா யோசித்தார். "நிண்டால் இரு. உன்ரை பிள்ளைக்கும் கையெழுத்து வைக்கிறன்," என்று அவராகவே சொன்னார். நான் அன்றைக்கு நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

அந்த நிம்மதி நாலு நாள் கூட நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சறோஜா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். இங்கே எங்களுக்குச் செமோலா மாப் புட்டுத்தான். சூடை மீன் குழம்பு கொதித்தது. ஆனால் இரண்டு பேரும் முகத்தை முகம் பார்க்கவில்லை.

"என்ன, சண்டையோ?" என்று கேட்டேன்.

"இவரைக் கேளுங்கோ," என்றாள் சறோஜா. "கையிலை வந்ததைக் காலாலை தட்டிப்போட்டு வந்து நிக்கிறார்."

"என்ன தம்பி?"

"மனுசி நேற்றுத் தோட்டத்துக்கு வந்தவ, அக்கா. பழைய அடிக்கட்டையளைக் கிண்டி எறியட்டாம். கதியாலை ஒரு முழம் அங்காலை தள்ளிப் போடட்டாம், பல் டொக்டற்ரை பக்கம். அவன் ரெண்டு மீற்றர் பொய் சொல்லுறான், நான் ஒரு முழம் சொன்னால் என்ன எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொன்னனீ?"

"ஏலாது எண்டு சொல்லிட்டன்."

"அப்ப சின்யோரா?"

"அப்ப ஏப்ரல் முடியப் போ எண்டிட்டா. கையெழுத்தும் இல்லையாம்."

சறோஜா புட்டு அவிந்த நீத்துப்பெட்டியைத் தட்டில் கவிழ்த்துக் கொட்டினாள். "ஒரு முழம் அக்கா! ஆற்றை காணி? பல்லுக்காரன்ரை காணி. ஆற்றை வழக்கு? இவவின்ரை வழக்கு. நடுவிலை எங்களுக்கென்ன? அவ சொன்னவ, நாங்கள் நட்டனாங்கள், அவ்வளவுதான். அங்கை என்ரை பிள்ளை ஒவ்வொரு ராவும் ஆமிக்குப் பயந்து செருப்போடை படுக்குது. இஞ்சை இவருக்கு நேர்மை!"

எனக்கும் அவள் சொன்னதுதான் சரியாகப் பட்டது. "தம்பி, அரிச்சந்திரனுக்கு நாடகத்திலை வேலை கிடக்கு. எங்களுக்குக் கிடக்கிறது வயித்துப்பாடு. பிள்ளையைக் கூப்பிடு, பேந்து நேர்மையாயிரு," என்றேன்.

அவன் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்ரை அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வயித்துப் பிள்ளையள்," என்றான் பிறகு. "எங்கடை வேலி அடைக்கிற நேரத்திலை அப்பா ஒரு கதியாலைத் தள்ளிப் போட்டவர். குழி போட நான்தான் அலவாங்கு பிடிச்சனான். எனக்கு அப்ப பதினாறு வயசு. தள்ளிப் போடுறதெண்டு தெரிஞ்சுதான் பிடிச்சனான். அதோடை ரெண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. சித்தப்பா செத்த வீட்டுக்கு அப்பா போகேல்லை. அப்பான்ரை செத்த வீட்டுக்கு அவையள் வரேல்லை. இப்ப அந்தக் காணியும் இல்லை, வேலியும் இல்லை, நேவிக்காறன் முள்ளுக்கம்பி அடிச்சு வைச்சிருக்கிறான். ஆற்றை கதியால் எங்கை நிண்டதெண்டு கேக்கவும் ஆளில்லை. நான் இன்னொருக்கா அலவாங்கு பிடிக்கமாட்டன், அக்கா. ஆருக்காகவும் மாட்டன்."

"பிள்ளைக்காகவும் மாட்டியளோ?" என்றாள் சறோஜா.

"பிள்ளையைக் கூப்பிடுறன். அது என்ரை பொறுப்பு. இந்த வீடில்லாட்டி வேறை வீடு பாக்கிறன். வெட்டினது நான், எங்கை நிண்டதெண்டு எனக்குத் தெரியும். வெட்டின இடத்திலை நட்டுக் குடுத்திட்டுத்தான் போவன்."

"விசர்," என்றாள் சறோஜா. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும் அவனோடு கோபித்துக்கொண்டுதான் வந்தேன்.

அடுத்த நாளே அவன் தொடங்கிவிட்டான். பின்னால் சறோஜா சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். வீடு கட்டுகிற ஒரு இடத்தில் அலவாங்கு இரவல் வாங்கி வந்தான். தடிகளை இடுப்பளவுக்கு அறுத்து, அடியைச் சரிவாகச் சீவி, ஒரு இரவு தண்ணீரில் போட்டான். கதியால் தலை காயாமல் சாணி அப்ப வேண்டுமே, மொண்டெல்லோவில் மாட்டுக்கு எங்கே போவது? ஃபவோரீத்தாவில் குதிரை ஓடுகிற இடத்துக்குப் போய் ஒரு வாளி குதிரைச் சாணம் கேட்டு வாங்கி வந்தான். அங்கே நின்ற பெடியன்கள் இவன் என்ன சாமிக்குப் பூசப்போகிறான் என்று கேட்டார்களாம்.

ஒவ்வொரு அடிக்கட்டையையும் தேடி, அதை ஒட்டியே குழி போட்டான். ஒரு கட்டையையும் கிண்டவில்லை. ஒரு ஆளாகத் தடியையும் பிடித்து மண்ணையும் இடிப்பது கரைச்சல், தடி சரிந்து சரிந்து விழுந்தது. குசினிச் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்த சறோஜா பொறுக்க முடியாமல் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"இஞ்சை விடுங்கோ, நான் பிடிக்கிறன். நடுறது எண்டு வந்திட்டால் நேரா நடவேணும். பாக்கிறவன் எங்கடை ஊர் ஆக்கள் கோணல் வேலி போடுறதெண்டு சொல்லக்கூடாது."

"கோவமில்லையோ?"

"கோவந்தான். நல்லா இடியுங்கோ."

இரண்டு பேருமாக நிரையை நட்டு முடித்தார்கள். தலையில் சாணம் அப்பி, அடியில் வெட்டிய புல்லைப் பரப்பி மூடினான். நத்தை தின்னாமல் சாம்பல் தூவினான். சின்யோரா பின்பக்கத்து மரச்சன்னலைப் பூட்டியவர் திறக்கவேயில்லை. சறோஜாவோடு வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர ஒரு சொல் இல்லை. இருமல் தண்ணியும் நின்றுவிட்டது.

அவன் பகலில் தோட்ட வேலை முடித்து, வேறு வீடு தேடித் தேடி அலைந்தான். பிரான்காச்சோவில் என் வீட்டுக்குப் பின்னால் கூடக் கேட்டுப் பார்த்தோம். கறுப்பருக்கு வீடில்லை என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான். அடுத்த கதவைத் தட்டினான் கோபாலசிங்கம். ஆனால் விடியவும் பொழுதுபடவும் வந்து கதியாலுக்குத் தண்ணீர் ஊற்றாமல் விடவில்லை.

ஈஸ்ரர் முடிந்தது. சர்வேயர் வருகிற அன்று சின்யோரா என்னையும் வரச் சொல்லியிருந்தார், கோபாலசிங்கத்திடம் ஏதும் கேட்டால் மொழிபெயர்க்க வேண்டுமாம். சர்வேயர் ஒரு இளம் பெண், சப்பாத்து முழுக்கச் சேறு. பல் டொக்டர் வெள்ளைச் சேட்டோடு தயாராக நின்றார். நிரையில் கதியால் எல்லாம் ஒரு சாண், இரண்டு சாண் இலை விட்டு நின்றன.

"இதையோ எல்லை எண்டு காட்டுறீங்கள்?" என்று பல் டொக்டர் கையைக் கொட்டிச் சிரித்தார். "இது போன மாசம் இந்த மனுசன் நட்டது! நான் சன்னலாலை பாத்தனான். தங்களுக்கு விருப்பமான இடத்திலை நட்டுப்போட்டு எல்லையாம்!"

சர்வேயர் கோபாலசிங்கத்தைப் பார்த்தாள். "நீயோ நட்டது?"

"ஓம். நான்தான் வெட்டினது. நான்தான் நட்டது," என்றான். நான் அப்படியே சொன்னேன். சின்யோராவின் முகம் செத்துப்போயிற்று.

"எங்கை வெட்டினாய்?"

கோபாலசிங்கம் குந்தி, கதியாலடியில் கிடந்த காய்ந்த புல்லைக் கையால் விலக்கினான். கீழே தொடை மொத்தத்தில் பழைய அடிக்கட்டை. அதன் விளிம்பைச் சுற்றிப் புதுக் குருத்துகள், சிவப்பும் பச்சையுமாக, பெருவிரல் மொத்தத்தில் திரண்டு நின்றன. அடுத்ததை விலக்கினான். அங்கேயும் அப்படியே. நிரை முழுக்க விலக்கிக்கொண்டே போனான். ஒன்றும் தவறவில்லை.

சர்வேயர் முழங்காலில் இருந்து ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தாள். நாடாவைப் பிடித்து அளந்தாள்.

"டொட்டோரே, தடி போன மாசம் வைச்சதுதான்," என்று பல் டொக்டரிடம் சொன்னாள். "இந்த வேர் போன மாசம் வைச்சதில்லை. இந்த மரத்தைக் கிண்டி எறிஞ்சாலும் மண்ணுக்குள்ளை ஒரு துண்டு வேர் கிடந்தால் அந்த இடத்திலைதான் திரும்ப வரும். ஆராவது தடியைத் தள்ளி நட்டிருந்தால் இண்டைக்கு ரெண்டு நிரை முளைச்சிருக்கும். வீட்டுக்காரர்தான் கள்ளராகியிருப்பினம்."

அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சறோஜாவுக்கு விளங்கிவிட்டது. சின்யோராவுக்கு அதைவிட நன்றாக விளங்கிவிட்டது. அவர் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோபாலசிங்கத்தையே பார்த்தபடி இருந்தார். பல் டொக்டர் வழக்கறிஞரோடு கதைக்க வேண்டுமென்று எழும்பிப் போய்விட்டார்.

சர்வேயர் போனதும் நான் அவனைப் பிடித்தேன். "டேய் தம்பி, கட்டை முளைக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"பூவரசை வெட்டினால் அடியிலை துளிர்க்கும் எண்டு தெரியாத ஆளே நான்?" என்றான். "ஆனா அக்கா, முளைக்காது எண்டு தெரிஞ்சிருந்தாலும் அங்கைதான் நட்டிருப்பன்."

பின்னேரம் சின்யோரா செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார். பாதி கட்டிய பெட்டிகள் நடு அறையில் கிடந்தன. மனுசிக்கு நன்றி சொல்லத் தெரியாது, மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. அந்தப் பூப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் குத்திவிட்டு, "இருமலுக்கு அவிச்சுக் குடி," என்று சறோஜாவிடம் சொன்னார். பிறகு கோபாலசிங்கத்திடம், "பிள்ளைக்கு என்ன பேர், கோப்பா? முழுப் பேரைச் சொல்லு. கையெழுத்து வைக்க வேணும்," என்றார்.

ஆரணி புரட்டாசியில் வந்தாள். பூந்தா றாய்சி விமான நிலையத்திலிருந்து அருளையா அண்ணையின் காரில் கூட்டி வந்தோம். வழி முழுக்கப் பிள்ளை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்திருந்தவள் பிடித்தபடியே இருந்தாள். தகப்பன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

கேற்றடியில் இறங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். கண் விரிந்தது.

"அப்பா! சவுக்கு!"

மூன்று வருசத்துக்குப் பிறகு பிள்ளை தகப்பனை நேரில் கூப்பிட்டது அப்போதுதான். கோபாலசிங்கம் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையை நோக்கிக் கையை நீட்டினான்.

வாசலில் காத்து நின்ற சின்யோரா அதற்குள் பாய்ந்து வந்துவிட்டார். "நோ, நோ! சவூக்கு இதில்லை! சவூக்கு அங்கை, பின்னாலை!" என்று கத்திக்கொண்டே பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிள்ளை ஒரு கையில் புத்தகப்பையோடு அவர் பின்னால் ஓடியது.

"பாருங்கோ அக்கா," என்றாள் சறோஜா, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிள்ளை வந்ததும் வராததுமா எல்லை காட்டக் கூட்டிக்கொண்டு போறா!"